சி எழுத்துக் குழாய்

ஜனவரி 23, திங்கள்

குளியலறைக் குழாய் நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு சொட்டு. மூன்று முறை எண்ணினேன். முதல் முறை நாற்பத்தொன்று வந்தது. அது என் கவனக்குறைவாக இருக்கலாம். ஒரு லிட்டர் செம்பு நிரம்ப ஐந்தேகால் மணி நேரம் ஆகிறது.

நேற்று மகள் சில்வி பிரான்சில் லியோன் நகரத்திலிருந்து பேசினாள். அம்மா செலினின் முதல் வருஷ நினைவுப் பூசைக்கு வருகிறாளாம். பிப்ரவரி 15 வந்து சேர்வாள், 18 சனிக்கிழமை பூசை. "இந்தத் தடவை வீட்லயே தங்கறேன் பப்பா" என்றாள். வழக்கமாகப் புதுச்சேரிக்கு வந்தால் கடற்கரைப் பக்கம் ஓட்டலில் தங்குவாள். ஒரு மதியம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். தாயின் அடக்கத்துக்கு அவள் வரவில்லை. வெந்நீர் வருமா என்று மட்டும் கேட்டாள். வரும் என்றேன். வராது. ஏற்பாடு செய்ய வேண்டும்.

செலின் ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சில்விகிட்ட சொல்லிடுங்க." சரி என்றேன். பதினோரு மாதம் ஆகிறது. ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோம். லியோனில் குளிர் எவ்வளவு என்று தெரிந்துகொள்கிறேன்.

இம்முறை நேரில் சொல்லிவிடுவேன்.

ஜனவரி 25, புதன்

வேலையைத் தொடங்குமுன் இருப்பதைக் குறித்துவைப்பது நல்லது.

தொட்டி வார்ப்பிரும்பு, மேலே வெள்ளைப் பூச்சு, நான்கு கால். என் மாமனார் அந்துவான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஐம்பத்தைந்தாம் வருஷம் ஓய்வுபெற்றுத் திரும்பும்போது சைகோனிலிருந்து கப்பலில் இந்தத் தொட்டியையும் கொண்டுவந்தார். தெருவில் இன்றும் இந்த வீட்டைச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்றுதான் சொல்கிறார்கள். நான் இங்கே இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். தபால்காரர் கூட என் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் யாருக்கும் தெரிவதில்லை.

தொட்டியின் தலைமாட்டுச் சுவரில் இரண்டு பித்தளைக் குழாய்கள். ஒவ்வொன்றின் திருகுபிடி நடுவிலும் ஒரு பீங்கான் வில்லை, அதில் நீல ஆங்கில எழுத்து. இடப்பக்கம் சி, வலப்பக்கம் எஃப். சொட்டுவது சி. இரண்டிலும் பச்சைத் தண்ணீர்தான் வரும். ஒரு காலத்தில் பின்கட்டில் செப்புக் கொப்பரை இருந்தது, விறகு எரித்தால் வெந்நீர் வரும். எழுபத்தேழு ஜூன் மாதம் மாமனார் அதைக் கழற்றி விற்றுவிட்டார்.

ஏன் விற்றார் என்பதையும் குறித்துவிடலாம். அந்த மே மாதம் சில்விக்கு இங்கே காலில் வெந்நீர் பட்டது. நான்கு வயது. இரண்டு பாதமும், கணுக்கால்வரை. நானும் செலினும் அப்போது கடலூரில் இருந்தோம். நான் அரசுக் கல்லூரியில் ஆங்கிலம் போதித்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறைக்கு வந்திருந்தோம். செலின் கவனிக்காமல் குழாயைத் திறந்துவிட்டாள் என்று வீட்டில் சொன்னார்கள். அன்று செலின் தன் அப்பாவிடம் பிரெஞ்சில்தான் பேசினாள், எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜனவரி 27, வெள்ளி

1. தெருப்பக்க கேட் வால்வை மூடினேன்.
2. திருகுபிடியைக் கழற்றினேன். பித்தளை கீறக்கூடாது என்று ஸ்பேனருக்குத் துணி சுற்றினேன்.
3. மரை இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். பிறகு திருகினேன். வரவில்லை. எந்தப் பக்கம் திருகுகிறேன் என்று சந்தேகம் வந்துவிட்டது. வலப்பக்கம் திருகிக்கொண்டிருந்தேன்.

சரியான பக்கம் திருகியதும் வந்துவிட்டது. உள்ளே வாஷர் தோல். ரப்பர் இல்லை. காய்ந்து, நான்காகப் பிளந்திருந்தது.

கடையில் காட்டினேன். கடைக்காரர் தம் மகனைக் கூப்பிட்டு அவனுக்குக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். இந்த அளவில் ரப்பர் வாஷர் கிடையாதாம்.

ஜனவரி 28, சனி

தோல் தேடினேன். என் செருப்பு ரெக்சின். அலமாரியில் மாமனாரின் பட்டாள பெல்ட் இருக்கிறது. செலின் அதை வருடத்துக்கு ஒரு முறை எண்ணெய் பூசித் துடைத்து வைப்பாள்.

கொக்கியிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி வெட்டினேன். வட்டம் முதலில் கோணலாக வந்தது. இன்னொன்று வெட்டினேன். இரண்டாவதுக்குத் தேவை இருந்ததா என்று இப்போது தோன்றுகிறது.

ஜனவரி 30, திங்கள்

பத்தொன்பது சொட்டு.

பிப்ரவரி 1, புதன்

முப்பத்தொன்று. வாஷரை விளக்கெண்ணெயில் ஊறவைத்துப் போட்டிருக்க வேண்டும் என்று இன்று படித்தேன். இரத்த அழுத்த மாத்திரை தீரப்போகிறது. சில்வியின் அறைக்கு வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

சில்வியிடம் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். முதல் வாக்கியம் "உன் அம்மா மிகவும் நல்லவள்" என்று அமைந்தது. அது எல்லாருக்கும் தெரிந்தது. கிழித்துவிட்டேன்.

பிப்ரவரி 4, சனி

தோல்வியை ஒப்புக்கொண்டு பிளம்பரைக் கூப்பிட்டேன். பெயர் கலிவரதன், முத்தியால்பேட்டை. ஐம்பது வயது இருக்கும். பழைய பிரெஞ்சு வீடுகளில் நிறைய வேலை செய்தவராம். நான் வெட்டிப் போட்ட வாஷரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதில் தோலில் அழுத்திய பட்டாள முத்திரையின் பாதி தெரிந்தது.

"சார், இது வாஷரா மெடலா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. பல மாதத்துக்குப் பிறகு என்று நினைக்கிறேன்.

வாஷர் மட்டும் போதாது, வாஷர் உட்காரும் இடமே தேய்ந்துவிட்டது, அதைத் தேய்த்துச் சமன் செய்யலாம் என்றார். கெய்சர் வைத்து வெந்நீர்க் குழாய் இழுக்கலாமா என்று கேட்டேன். சுவரில் பதித்த ஓடுகளை உடைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

பிப்ரவரி 9, வியாழன்

சுவர் ஓடு ஆறு உடைத்தார்கள். உள்ளே பின்கட்டிலிருந்து வரும் செப்புக் குழாய் இருக்கிறது. ஒரு சாண் தூரத்தில் அதை வெட்டி, முனையைத் தட்டி நசுக்கி மூடியிருக்கிறார்கள். பக்கத்துப் பச்சைத் தண்ணீர்க் குழாயிலிருந்து ஒரு கிளை போட்டு சி குழாய்க்கும் கொடுத்திருக்கிறார்கள்.

"யாரோ கோவத்துல செஞ்ச வேலை சார் இது. மூடணும்னா ஒரு அடப்பு போதும். இதப் பாருங்க, சுத்தியால எத்தினி அடி."

எண்ணிப் பார்க்க முடியவில்லை. நிறைய இருந்தன.

வெந்நீர் எதில் வரவேண்டும் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், சி யில்தானே என்றார். எஃப் பில் என்றேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"பிரெஞ்சு வீட்ல எல்லாம் சி தான் சார் சூடு. எஃப் பச்சத் தண்ணி. அது இங்கிலீஷ் எழுத்து இல்ல சார், பிரெஞ்சு எழுத்து. நான் படிக்காதவன், எனக்கே தெரியும்."

இந்த வீட்டில் சி யில் நாற்பத்தைந்து வருடமாகப் பச்சைத் தண்ணீர்தான் வருகிறது என்றேன். அது இரண்டிலும் பச்சைத் தண்ணீர் வந்ததால் என்றார். நியாயம்தான். ஆனால் இது என் வீடு, நான் சொல்கிறபடி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. நான் யாரிடமும் அப்படிப் பேசுகிறவன் அல்ல.

"செய்றேன் சார். ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்க. நாளைக்கு வீட்ல யாராச்சும் கேட்டா நான் பேச்சு வாங்க முடியாது."

எழுதிக் கொடுத்தேன். சி பச்சைத் தண்ணீர், எஃப் வெந்நீர். கையெழுத்தும் தேதியும் போட்டேன். படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஏன் இப்படிச் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். பழக்கத்தை மாற்ற வேண்டாம் என்றுதான். வேறு காரணம் இல்லை.

பிப்ரவரி 13, திங்கள்

வேலை முடிந்தது. கடிகாரம் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட இல்லை. கெய்சரில் சிவப்பு விளக்கு எரிகிறது. பீங்கான் வில்லைகளை உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தேன். எழுத்துகள் நன்றாகத் தெரிகின்றன.

பிப்ரவரி 15, புதன்

சில்வி வந்துவிட்டாள். ஐம்பது வயது ஆகப்போகிறது, முடி முழுக்க நரைத்துவிட்டது. செலினுடைய நெற்றி. சாயம் பூசிக்கொள்வதில்லையா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

வீட்டுக்குள் காலுறையோடு நடக்கிறாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடலூர் வெயிலில்கூடக் கழற்றமாட்டாள். பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு, மாமான் என் காலைச் சுட்டுட்டாங்க என்று சொல்லியிருக்கிறாள். அம்மாவை பிரெஞ்சில் மாமான் என்றுதான் அழைப்பாள். டீச்சர் செலினைக் கூப்பிட்டு விசாரித்தார். செலின் போய் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். தாத்தா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மாமனார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காலைத் தடவுவார். செலின் அந்தப் பக்கம் வந்தால் பேச்சை நிறுத்துவார். பதினெட்டு வயதில் அவர்தான் காகிதம் எல்லாம் போட்டு சில்வியை பிரான்சுக்கு அனுப்பினார்.

பயணக் களைப்பு. இன்று சொல்லவில்லை. களைத்திருப்பவளிடம் சொல்வது சரியல்ல.

பிப்ரவரி 16, வியாழன்

காலையில் சில்வி குளிக்கப் போனாள். நான் கூடத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. வெகு நேரம் கழித்து அவள் வந்தாள். தலை நனையவில்லை. காலுறை இல்லை. அந்தப் பாதங்களை நான் பார்த்து முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும்.

தண்ணீரை எப்போதும் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடுவாள். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

"பப்பா, எஃப்ல சூடா வருது."

பிளம்பர் மாற்றி இணைத்துவிட்டான் போலிருக்கிறது என்றேன்.

இதை எழுதிவிட்டு மேலே பார்த்தேன். கலிவரதனை இதுவரை எல்லா நாளும் 'அவர்' என்றுதான் எழுதியிருக்கிறேன்.

அவரை வரச் சொல்லுங்கள், நான் பேசுகிறேன் என்றாள். வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். சுவரில் அவர் நம்பர் எழுதியிருந்தது. அவளே கூப்பிட்டாள்.

பிப்ரவரி 17, வெள்ளி

கலிவரதன் ஒன்பது மணிக்கு வந்தார். சில்வி மரியாதையாகத்தான் கேட்டாள்.

"நான் தலபாடா அடிச்சிக்கினேம்மா. சார்தான் இப்படி வேணும்னாரு." சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். வியர்வையில் ஊறியிருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை.

சில்விக்குத் தமிழ் படிப்பது மெதுவாகத்தான் வரும். எழுத்து எழுத்தாகப் படித்தாள். இரண்டு வரிதான், ஆனால் நேரம் ஆயிற்று. படித்து முடித்து மடித்துத் தன் கைப்பையில் வைத்தாள். கலிவரதனிடம் மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள், உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுப் போனார்.

பிறகு சமையலறை வாசலில் நின்றபடி, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"மாமானுக்கு சி-ன்னா சூடுன்னு தெரியும். இந்த வீட்லயே பொறந்தவங்க."

ஆமாம் என்றேன்.

"அன்னிக்கு யாரு பப்பா தண்ணி விட்டது?"

ரொம்ப வருஷம் ஆயிற்றம்மா, சரியாக ஞாபகம் இல்லை என்றேன். இப்படிச் சொன்னேனா என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. சொன்னேன்.

சாயங்காலம் மறுபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நாளைக்குப் பூசை, அதற்கு முன்னால் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் சொல்லுங்கள் என்றாள். செலினும் இப்படித்தான், கேள்வியைக் கேட்டுவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். பூசை ஆறரைக்கா ஏழுக்கா என்று சாமியாரிடம் கேட்டு வைக்க வேண்டும் என்றேன். "ஆறரைக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். எழுதுவதும் சொல்வதும் ஒன்றல்ல என்று தெரியும்.

1977 மே 15, ஞாயிறு. காலைப் பூசைக்கு முன் குழந்தையை நான் குளிப்பாட்டுகிறேன் என்று சொன்னேன். அந்தக் குளியலறை மாமனாருடையது. அதுவரை நான் பின்கட்டில் வாளித் தண்ணீரில்தான் குளித்தேன். இரண்டு எழுத்தைப் பார்த்தேன். சி என்றால் கோல்ட், குளிர். எஃப் என்றால் என்ன என்று யோசித்தேன். ஃபயர் என்று எனக்கு நானே ஒரு பொருள் சொல்லிக்கொண்டேன். எம்.ஏ. இலக்கியத்தில் முதல் வகுப்பு. நெருப்பு, ஆகையால் வெந்நீர்.

யாரையாவது கேட்டிருக்கலாம். கூடத்தில் மாமனார் இருந்தார். முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் பிரெஞ்சில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். "அது இங்கிலீஷ்காரங்களுக்குப் புரியாது மாப்பிள்ளை" என்றார். மேலும் சிரித்தார்கள். அதனால் கேட்கவில்லை.

குழந்தை காலித் தொட்டியில் நின்றாள். வெந்நீர் பட்டுவிடக் கூடாது என்று எஃப் பைத் தொடவே இல்லை. சி யை முழுக்கத் திறந்தேன். குழாயில் நின்ற தண்ணீர் முதலில் வந்தது, அது பச்சைத் தண்ணீர். பிறகு அவள் அலறினாள். பச்சைத் தண்ணீர் என்றால் எப்போதும் அழுகிறவள்தான். அதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிறவன் அதை எண்ணவில்லை.

செலின் ஓடிவந்து தூக்கினாள், குழாயை மூடினாள். மாமனார் வந்தபோது குழாய்ப் பக்கம் அவள் நின்றாள். நான் துண்டோடு வாசற்படியில் நின்றேன். யார் திறந்தது என்று அவர் பிரெஞ்சில் கத்தினார். செலின் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு அவரிடம் இரண்டு சொல் சொன்னாள். செ முவா. அவர் அவள் கன்னத்தில் அறைந்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று ஜனவரி 25 அன்று எழுதியிருக்கிறேன். முவா என்றால் நான் என்று கல்யாணமான முதல் மாதமே எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 18, சனி

பூசைக்குப் பிறகு கல்லறைக்குப் போனோம். செலின் தன் அப்பாவின் பக்கத்தில் இருக்கிறாள். சில்வி செருப்பையும் காலுறையையும் கழற்றிவிட்டு மணலில் நின்றாள். அப்போதுதான் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சம்பங்கி மாலையைச் சிலுவையில் மாட்டினாள். குனிந்து கல்லைத் தொட்டாள்.

"பார்தோன், மாமான்."

மறுபடியும் அதே மன்னிப்பைக் கேட்டாள். 

நான் பின்னால் நான்கடி தூரத்தில் நின்றேன். செ முவா என்பது என் வாயில் இருந்தது. இரண்டே சொல். உச்சரிப்பு சரியாக இருக்குமா என்று யோசித்தேன். அதற்குள் அவள் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டாள்.

பிப்ரவரி 19, ஞாயிறு

சில்வி காலையில் கிளம்பினாள். மீதி நாள் ஓட்டலில். பெட்டியைத் தூக்கப் போனேன், வேண்டாம் என்றாள். தொட்டியில் அவள் குளிக்கவே இல்லை. வாசலில் நின்று, "உடம்பப் பாத்துக்கங்க" என்றாள். பப்பா என்று சொல்லவில்லை. மறந்திருக்கலாம்.

பிப்ரவரி 22, புதன்

திருநீற்றுப் புதன். சாமியார் நெற்றியில் சாம்பல் பூசினார். சில்வி ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று குறுஞ்செய்தி வந்தது.

பிப்ரவரி 24, வெள்ளி

கலிவரதனை மறுபடி கூப்பிட்டேன். வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். அன்றைக்கு நடந்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று சொல்லத் தயாராக இருந்தேன். குழாய் சொட்டுகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அத்தோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

இரண்டு குழாயையும் மாற்றி இணைக்கச் சொன்னேன். சி யில் வெந்நீர்.

"இப்ப சரியா சொல்றீங்க. இதயும் எழுதிக் குடுத்துடுங்க சார்."

மேஜைக்குப் போய் எழுதினேன். சி வெந்நீர். எஃப் பச்சைத் தண்ணீர். கீழே கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே தேதி, 15.5.1977. கொண்டுவந்து கொடுத்தேன். உதடு அசைய முழுவதும் படித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தேதி தப்பா போட்டிருக்கீங்க சார். வருஷமே தப்பு."

தாளைத் திரும்ப வாங்கினேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். அவர் ஸ்பேனரோடு காத்துக்கொண்டு நின்றார்.

வயசாகிவிட்டது, மறதி என்று சொன்னேன். அதை அடித்துவிட்டு, இன்றைய தேதியைப் போட்டுக் கொடுத்தேன்.